எழுத்தும் கழுத்தும்

(மாட்டுத்தாவணியில் கூடிய நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் இலக்கியம்பற்றி ஏதேனும் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எனக்கு எழுதியிருந்தனர். யானும் இசைந்திருந்தேன். ஆயினும் சென்ற சில மாதங்களில் நம்மவர் இல்லங்கள் பலவற்றிற்குச் சென்றபோது கண்ட ஒரு காட்சி என் கருத்தை மாற்றிவிட்டது. ஓரில்லத்தில் இளைஞன் ஒருவன் கழுத்தைத் திருப்பமாட்டாது உடலையே திருப்பி என்னை வரவேற்றான். மற்றோரில்லத்தில் பெண்ணொருத்தி கழுத்துப்பட்டை அணிந்திருந்தாள். பிறிதோரில்லத்தில் தைலமணம் வாயிற்படியிலேயே எதிர்கொண்டது. அனைவரும் நாற்காலியில் அமர்ந்து ஊதியம் பெறுவோர். ஆதலின் இன்று கழுத்து நோவைப்பற்றிப் பேசத் துணிந்தேன். தமிழ்ப் பண்டிதனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். இந்நோவைப் பல்லாண்டு துய்த்தவன் என்பது ஒரு தகுதி. இந்நோவால் நம் குடும்பங்களில் விளையும் துன்பத்தில் ஒரு பாதி ஒரு சொல்லால் விளைகின்றது என்பது மற்றொன்று. சொல் எனது துறையன்றோ? அச்சொல் இன்னதென்பதைப் பின்னர்க் கூறுவேன்.

முதற்கண் நாம் கூடியிருக்கும் ஊர்ப்பகுதியின் பெயரை நோக்குங்கள். தாவணி என்பது மாடுகளை வரிசையாகப் பிணிக்கும் நீண்ட கயிறு. அக்கயிறு கட்டிய சந்தைக்கும் அதுவே பெயராயிற்று. மாடு கொள்ள வருவோர் பல்லைப் பிடித்துப் பார்ப்பர், சுழி பார்ப்பர், உழவுக்கும் வண்டிக்கும் உரியதாயின் கழுத்தைத் தடவிப் பார்ப்பர். நுகத்தடி அழுந்திப் புண்பட்ட கழுத்து விலையைக் குறைத்துவிடும். பழந்தமிழில் எருத்து என்பது பிடரிக்கும் பெயர். எருது என்னும் பெயரோடு அஃது ஒலியால் இத்துணை நெருங்கி நிற்பதை மாணாக்கர்க்குச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இச்சந்தை நினைவுக்கு வரும்.

சந்தையின் பெயர் நிலைத்த இப்பகுதியில் 1999-ஆம் ஆண்டில் பேருந்து நிலையம் ஏற்பட்டது. மேலூர்ச் சாலையில் 2004-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றக் கிளை திறக்கப்பெற்றது. அண்மையில் இலந்தைகுளத்தில் எல்காட் நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா உள்ளது. டைடல் பூங்காவிற்கும் 2025-ஆம் ஆண்டில் இங்கு அடிக்கல் நாட்டினர். நீதிமன்றத்தில் படியெடுப்போர், தட்டச்சர், வழக்கறிஞரின் எழுத்தர், கணிப்பொறி முன் இரவும் பகலும் அமர்வோர் என்று ஆயிரக்கணக்கானோர் இச்சாலை வழியே நாடோறும் செல்கின்றனர். இக்காலத்தில் இவ்விடத்தே தடவிப் பார்க்கத்தக்க கழுத்து எழுத்தரின் கழுத்தேயாகும்.

இஃது இக்காலத்துப் புதுநோய் என்று கருதுவாரும் உளர். அஃது உண்மையன்று. இத்தாலி நாட்டில் பெர்னார்தினோ ராமத்சினி என்னும் மருத்துவர் தொழிலாளர் நோய்களைப்பற்றி 1700-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அதன் பிற்பதிப்பில் எழுத்தர்க்கும் ஒரு பகுதி வகுத்து, அவர்தம் நோய்க்கு ஓயாது அமர்ந்திருத்தல், கை ஒரே திசையில் இடைவிடாது இயங்குதல், பிழை நேருமோ என்னும் மனத்தின் இறுக்கம் ஆகிய மூன்றையும் காரணமாகக் காட்டினார். மைக்கூடும் இறகுப் பேனாவும் போய்க் கணிப்பொறி வந்தும் அம்மூன்று காரணங்களும் அப்படியே உள்ளன. நம் நாட்டுக் கடைகளில் கணக்கெழுதுவோர் தரையில் அமர்ந்து, சரிந்த மூடியுள்ள கணக்குப்பெட்டியை முன்வைத்து எழுதினர். சரிந்த பலகை எழுத்தைக் கண்ணுக்கு அருகே உயர்த்தும். ஓலையில் எழுதினோரும் படித்தோரும் ஓலையைக் கையில் ஏந்தினர். இதனால் நம் முன்னோர்க்குக் கழுத்து நோவே இல்லை என்று யான் சொல்லவில்லை. முன்னோர்க்கு எந்நோயும் இல்லை என்று மேடையில் முழங்குவோர் பலர் இருக்கின்றனர்; அத்தொண்டை அவர்களே செய்யட்டும்.

உலக அளவில் இந்நோவு எத்துணையது என்பதற்கு ஒரு கணக்குண்டு. 2020-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 20 கோடியே 30 லட்சம் மக்கள் கழுத்து நோவு உற்றிருந்தனர் என்று நோய்ச்சுமையை அளக்கும் பன்னாட்டு ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டனர். ஆகவே நோவுற்ற இளைஞர் தமக்கு மட்டுமே ஏதோ நேர்ந்துவிட்டதென்று கலங்க வேண்டுவதில்லை.

இனி, நோவு தோன்றும் வகையைக் கூறுவேன். மனிதன் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. அதனைத் தாங்குவன கழுத்தில் உள்ள 7 எலும்புகள். ஒட்டகச்சிவிங்கியின் நெடுங்கழுத்திலும் எலும்பு ஏழே. தலை நேரே நிற்குங்கால் இச்சுமை எலும்புகளின்மேல் செவ்வனே இறங்கும். தலை முன்னே குனியுங்கால் அது விழாதபடி பிடரித் தசைகள் பின்னின்று இழுத்துப் பிடித்தல் வேண்டும். நீர் இறைக்கும் ஏற்றத்தைக் கண்டவர்களுக்கு இஃது எளிதில் விளங்கும். இப்பக்கத்துக் காய்கறிச் சந்தையிலும் பூச்சந்தையிலும் சும்மாடு வைத்துச் சுமை தூக்குவோரைப் பாருங்கள். தலையை இம்மியும் சாய்க்கமாட்டார். (பெருஞ்சுமை தலையில் ஏற்றுதல் நலம் என்று இதற்குப் பொருள் கொள்ளற்க, பல்லாண்டு சுமந்தார்க்குக் கழுத்தெலும்பு ஊறுபடுதலும் உண்டு.) அமெரிக்க அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் என்பார் 2014-ஆம் ஆண்டில் கணக்கிட்டபடி, தலையை 60 பாகை குனிந்தால் கழுத்தின்மேல் ஏறும் விசை ஏறக்குறைய 27 கிலோ எடைக்கு ஒப்பாகும்.

இக்கணக்கைக் கைப்பேசியில் படித்துவிட்டுப் பிள்ளைகளை, "குனியாதே, குனியாதே" என்று நாள்முழுதும் அதட்டும் தந்தையார் சிலரை அறிவேன். அவர்க்கு ஒன்று கூறுவேன். இது கணித மாதிரி ஒன்றின் விடை. குனிந்தவர்க்கெல்லாம் நோவு வருவதில்லை. நிமிர்ந்தே இருப்பவர்க்கும் நோவு வருகின்றது. நிமிர்ந்தோ குனிந்தோ, ஒரே நிலையில் மணிக்கணக்காக அசையாது இருத்தலே பெருங்கேடு. விறைத்த தசைக்கு இளைப்பாறுதல் கிடைப்பதில்லை. இதனோடு உறக்கக் குறைவும் வேலைபற்றிய அச்சமும் சேருமாயின் நோவு இருமடங்காகின்றது. ராமத்சினி மனத்தின் இறுக்கத்தைச் சேர்த்துச் சொன்னது எத்துணைப் பொருத்தம்!

என் கதையைச் சுருங்கக் கூறுகின்றேன். ஓராண்டு பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமொன்றில், சிறுபிள்ளைகட்கு இட்ட தாழ்ந்த மேசையின்முன் பல நாள் அமர்ந்து திருத்தினேன். முகாம் முடிந்த நாள் இரவு வலத் தோளினின்று காதுவரை ஏதோ முறுக்கிக் கட்டியதுபோல் ஆயிற்று. நண்பர் ஒருவர் சொற்கேட்டுக் கழுத்துப்பட்டை வாங்கி அணிந்தேன். அணிந்தவுடன் சுகம் தோன்றியது. சுகம் தோன்றியமையால் நான்கு மாதம் கழற்றவில்லை. பின்னர்க் கழற்றியபோது தலையைத் தாங்கும் வலியே கழுத்திற்கு இல்லாது போயிற்று. இயன்முறை மருத்துவர் ஒருவர் என்னைப் பார்த்து, "ஐயா, மாணவன் செய்ய வேண்டிய வீட்டுப்பாடத்தைத் தந்தை செய்து கொடுத்தால் மாணவன் கற்பானா? உங்கள் தசையின் வீட்டுப்பாடத்தை இந்தப் பட்டை செய்துவிட்டது" என்றார். ஆசிரியனுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமோ? மருத்துவர் ஒரு காரணம்பற்றிச் சின்னாட்கு அணியச் சொன்னால் அணிக. தாமே வாங்கி மாதக்கணக்கில் அணியற்க.

இப்பொழுது முன்னர்க் குறித்த சொல்லுக்கு வருகின்றேன். அது தேய்மானம் என்பது.

என் உறவில் ஒரு பெண். வயது 26. பொறியியல் கற்றுக் கணிப்பொறி வேலையில் அமர்ந்தவள். வாரத்திற் சில நாள் வீட்டிலிருந்தே பணி. கட்டிலின்மேல் சம்மணமிட்டு மடியில் மடிக்கணினியை வைத்து ஒன்பது மணிநேரம் வேலை செய்வாள். கழுத்து நொந்தது. படம் எடுத்தனர். "கழுத்தெலும்பில் தேய்மானம் இருக்கிறது" என்று யாரோ சொல்லிவிட்டனர். அன்றிரவு அவள் தாயார் உண்ணவில்லை. அறுபது வயதில் வருவது இருபத்தாறில் வந்துவிட்டதே என்று அழுதார். பெண் பார்க்க வருவோர் கண்ணில் படலாகாதென்று கழுத்துப்பட்டையைப் பீரோவில் ஒளித்தனர். பின் வேலையையும் விடுவித்தனர். பெண்ணோ தன் கழுத்து எந்நேரமும் ஒடிந்துவிடும் என்று அஞ்சித் தலையை அசைக்காமலே இருந்தாள். அசைக்காமல் இருந்ததால் நோவு மிகுந்தது. நோவு மிகுந்ததால் தேய்மானம் மிகுந்ததென்று எண்ணினர்.

தேய்மானம் என்பது எத்தகைய சொல்? செருப்புத் தேயும், சக்கரம் தேயும், பொன்னை உருக்கினால் தட்டான் தேய்மானம் கழிப்பான். தேய்ந்தது மீளாது என்னும் பொருள் அச்சொல்லினுள்ளே கிடக்கின்றது. உயிருள்ள உடம்பிற்கு அது பொருந்துமா? ஜப்பான் நாட்டில் எந்நோவும் இல்லாத 1,211 பேரின் கழுத்தைக் காந்தப் படம் எடுத்து ஆராய்ந்து 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவருள் நூற்றுக்கு 87.6 பேருக்குக் கழுத்தெலும்புகளின் இடைவட்டு பிதுங்கியிருந்தது. இருபதுகளில் உள்ளோரிலும் பெரும்பாலோர்க்கு அவ்வாறே. அவர்களுள் ஒருவர்க்கும் நோவில்லை! அங்ஙனமாயின் படத்தில் காணும் மாறுதலெல்லாம் நோயாகுமா? தலைமயிர் நரைப்பதுபோல் எலும்பும் வட்டும் நரைக்கின்றன. இதனை எலும்பின் நரை என்று அழைத்திருந்தால் அத்தாய் அழுதிருப்பாளா? இருபத்தாறு வயதினள் ஆதலின் இளநரை என்க. இளநரைக்கு அஞ்சி வேலையை விடுவாரை யான் கண்டதில்லை.

அப்பெண்ணிடம் யான் கேட்டது ஒன்றே: "எங்கே அமர்ந்து வேலை செய்தாய், அம்மா?" கட்டிலைக் காட்டினாள். சாப்பாட்டு மேசைக்கு மாற்றி, அகராதித் தொகுதிகள் மூன்றை அடுக்கி மடிக்கணினியை அவற்றின்மேல் வைத்தோம். நூலை இழிவு செய்தேன் என்று என்னைக் குறை கூறற்க. அவள் தனியே ஒரு விசைப்பலகையும் மவுசும் வாங்கிக்கொண்டாள். இயன்முறை மருத்துவரிடம் சென்று பயிற்சியும் கற்றாள். நோவு முற்றும் நீங்கிற்று என்று சொல்லேன். வேலை மிக்க நாட்களில் இன்றும் வருகின்றது. ஆயினும் வேறொரு நிறுவனத்தில் பணிக்குச் செல்கின்றாள். அவள் மணப்பேச்சு என்னாயிற்று என்று பின்வரிசைத் தாய்மார் அறிய விரும்புவது முகத்தில் தெரிகின்றது. அவள் இசைவின்றி அதனை ஈண்டுக் கூறுதல் முறையன்று.

பயிற்சியால் பயன் உண்டென்பதற்குச் சான்று கேட்பவர்க்கு இரண்டு கூறுவேன். பின்லாந்து நாட்டில் நெடுநாள் கழுத்து நோவுற்ற அலுவலகப் பெண்கள் 180 பேரை மூன்று பிரிவாக்கி ஓராண்டு ஆராய்ந்து 2003-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒரு பிரிவினர் கழுத்துத் தசைக்கு வலிவேற்றும் பயிற்சியும், மற்றொரு பிரிவினர் தாங்குதிறன் வளர்க்கும் மென்பயிற்சியும் செய்தனர். மூன்றாம் பிரிவினர்க்கு உடலை நீட்டி நெளிக்கும் பயிற்சியும் நடை முதலியனவும் செய்யுமாறு சொல்லப்பட்டது. ஆண்டிறுதியில் நோவு பெரிதும் அல்லது முழுதும் நீங்கியதாகச் சொன்னோர் முறையே நூற்றுக்கு 73, 59, 21. சோம்பல் முறித்தல் மட்டும் போதாது என்பது இதனால் விளங்கும். நேரமில்லை என்பார்க்கு மற்றொன்று: டென்மார்க்கில் 198 அலுவலகத்தாரைக்கொண்டு நடத்தி 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், நாளொன்றுக்கு 2 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள், பத்து வாரம் ரப்பர்க் கயிற்றை இழுத்துக் கைகளைப் பக்கவாட்டில் உயர்த்தியோர்க்கே நோவு குறைந்தது. இரண்டே நிமிடம்! காபி ஆறும் நேரம்.

அப்பயிற்சி எளிது. மிதிவண்டிக் கடையில் பழைய ட்யூப் ஒன்றை வாங்கி நீளவாட்டில் வெட்டிக்கொள்க. அதன் நடுவை மிதித்து நின்று, இரு முனைகளையும் இரு கைகளில் பற்றி, கைகளைப் பக்கவாட்டில் தோள்மட்டம் வரை மெல்ல உயர்த்தி மெல்ல இறக்குக. ட்யூப் இல்லையேல் நீர் நிறைந்த அரை லிட்டர்ப் புட்டி இரண்டு போதும். எளிதாகிவிட்டால் இழுவையைக் கூட்டுக. அடுத்து, உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலையால் கையையும் கையால் தலையையும், இரண்டும் நகராதபடி, 5 எண்ணும் வரை தள்ளுக. அவ்வாறே பிடரியிலும் இரு பக்கத்திலும் செய்க. மூச்சை அடக்கலாகாது. மூன்றாவது, நிமிர்ந்திருந்து, முகம் மேலும் கீழும் சாயாமல், மோவாயை மட்டும் பின்னே இழுத்து 5 எண்ணி விடுக. இதனைப் பத்துமுறை செய்க. என் மாணவர் இதனைக் கண்டு நகைக்கின்றனர். நகைக்கட்டும். முதல் வாரத்தில் தசை சற்று வலித்தல் இயல்பு. நோவு கையில் இறங்கினால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்க.

இருக்கையைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் அல்லது சற்றுத் தாழ இருத்தல் வேண்டும், தொலைவு கைநீளம். இரு பார்வைக் கண்ணாடி அணிவோர் திரையை இன்னும் தாழ்த்துக. இன்றேல் கீழ்க்கண்ணாடி வழியே நோக்க மோவாயைத் தூக்கித் தூக்கிக் கழுத்தை நோவிப்பர். முழங்கை மேசைமட்டத்தில் மடங்கி, முன்கை மேசையில் தங்க வேண்டும். தோள் தொங்கலில் நிற்கலாகாது. கால் தரையில் படியாத குட்டையர்க்கு ஒரு பலகை. பார்த்து அடிக்கும் காகிதம் மேசையில் படுத்துக் கிடவாமல் திரையின் பக்கத்தே நிற்கவேண்டும். நீதிமன்றத் தட்டச்சர் இதனைக் குறித்துக்கொள்க. கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிப் பேசும் வழக்கத்தை இன்றே விடுக. இவையனைத்தையும் செய்து, இருபதினாயிரம் ரூபாய் நாற்காலியும் வாங்கி, அதில் நான்கு மணிநேரம் அசையாதிருந்தால் பயன் சிறிதே. அரைமணிக்கு ஒருமுறை எழுக. தண்ணீர்ப் புட்டியைச் சிறிதாக வைத்துக்கொண்டால் நிரப்புவதற்கேனும் எழ நேரும்.

முடிதிருத்தும் கடையில் தலையைப் பிடித்துச் சொடக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மவரிடையே மிகுதி. அச்சத்தம் சுகமாக இருப்பதை யானும் அறிவேன். ஆயினும் கழுத்தெலும்பின் ஊடே மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் நாளம் ஓடுகின்றது. திடீரெனத் திருகியதால் அந்நாளம் கிழிந்து பக்கவாதம் நேர்ந்தவை மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. அரிதே, ஆயினும் நேர்ந்தால் மீளாது. எண்ணெய் தடவுங்கள், வெந்நீர் ஒற்றடம் கொடுங்கள், தடையில்லை. கழுத்தைத் திருக விடாதீர்கள்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாகாத நோவுகளும் உள. விழுந்தோ வாகன விபத்திலோ வந்த நோவு, கை மரத்து, பிடித்த பொருள் நழுவுதல், நடை தள்ளாடுதல், சிறுநீர் மலம் கட்டுப்படாமை, காய்ச்சலோடும் உடல் மெலிவோடும் வருவது, இரவில் ஓயாது எழுப்புவது. நெஞ்சு இறுக்கத்தோடும் வியர்வையோடும் கழுத்திலும் தாடையிலும் பரவும் நோவு நெஞ்சின் நோயாகவும் இருக்கலாம். இவற்றில் எதுவாயினும் காலம் தாழ்த்தாது மருத்துவமனை செல்க. மதுரை அரசு இராசாசி மருத்துவமனை நம் எல்லோர்க்கும் உரியது. ஏனைய கழுத்து நோவு பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். ஆனால் திரும்பி வரும் இயல்பினது. பயிற்சி வேண்டுவது அதற்கே.

கடையும் நிறுவனமும் நடத்தும் நம் சங்கத்துப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். கடைகளில் நின்று வேலை செய்வோர்க்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பெற்றது. பல கடைகளில் அதன்படி முக்காலி வந்துவிட்டது. சாய்மானம் இல்லாத அம்முக்காலியில், பெட்டியடியில் அமரும் கணக்கர் தாழ்ந்த திரையை நோக்கிப் பன்னிரண்டு மணிநேரம் குனிகின்றார். திரையின் கீழ் ஒரு சாண் உயரப் பலகை வைக்க ஆகும் செலவு உங்கட்குத் தெரியும். எழுந்து இரண்டு நிமிடம் நடப்பவரைச் சோம்பேறி என்று பார்ப்பதை விடுவதற்குச் செலவே இல்லை. நம் சங்கத்து மாணவர் விடுதியில் படிப்பு மேசைகளும் தாழ்ந்தே உள்ளன. கால்களுக்குக் கட்டை கொடுத்து உயர்த்த வேண்டும் என்று செயற்குழுவிற்கு எழுதித் தந்துள்ளேன். அதற்குரிய மரத்தைத் தாமே தருவதாக அன்பர் ஒருவர் சற்றுமுன் என் காதிற் கூறினார். பெயர் சொல்லலாகாதென்றும் கூறினார்.

நாற்பது நிமிடமாக உங்களை அசையாது அமர்த்தி அசைய வேண்டும் என்று பேசியிருக்கின்றேன். பந்திக்கு இலை போட்டாயிற்று என்று தொண்டர்கள் கைகாட்டுகின்றனர். எல்லோரும் எழுந்து நில்லுங்கள். மோவாயைப் பின்னே இழுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அக்கிராசனாதிபதி அவர்களும் செய்யலாம்.